வாழைக்குலையும் கப்பல் பெட்டியும்

எங்கள் மாலை வகுப்பில் ஒரு பாட்டி படிக்கிறார். லாரிகளில் எழுதியிருப்பதைப் படிக்க அவருக்கு மிகவும் ஆசை. உதியன்குளங்கரைக்குப் போனால் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுவிடுவார். லாரி வேகமாகப் போகும். பாதி எழுத்துதான் கண்ணில் படும். மீதியைப் பேரனிடம் கேட்டுக்கொள்வார்.

ஒரு நாள் வகுப்புக்கு வந்ததும் கேட்டார்.

"மக்களே, அஞ்சாறு லாரியில ஒரே பேரு எழுதியிருக்கு. லாஜிஸ்டிக்ஸ், லாஜிஸ்டிக்ஸுன்னு பேரன் வாசிச்சான். அது எந்தச் சாமி?"

எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் பதில் தெரியாது. பள்ளியில் அந்தச் சொல்லை நான் படித்ததே இல்லை. "நாளைக்குச் சொல்கிறேன், பாட்டி" என்றேன். நாளைக்குச் சொல்ல முடியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொள்ள இரண்டு வாரம் ஆனது. தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருள் விளையும் இடம் ஒன்று. அது தேவைப்படும் இடம் வேறு. தோட்டத்தில் குலை இருக்கிறது. பட்டணத்தில் வாங்குகிறவர் இருக்கிறார். நடுவில் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் பொருள் கெடாமல், குறையாமல், நேரம் தவறாமல் போக வேண்டும். செலவும் அளவாக இருக்க வேண்டும். எதில் ஏற்றுவது? எப்போது ஏற்றுவது? எங்கே இறக்கி வைப்பது? யார் எண்ணிப் பார்ப்பது? இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து நடத்தும் வேலைக்குத்தான் லாஜிஸ்டிக்ஸ் என்று பெயர். தமிழில் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை என்று எழுதுகிறார்கள். பெயர் நீளம்தான். வேலை நமக்குத் தெரிந்த வேலைதான். சந்தைக்குப் போகும் எவரும் இதைக் கொஞ்சமாவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சித்தியின் நாற்பது குலை

என் சித்தி வீட்டில் ஏத்தன் வாழை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நான்கு பேருக்கும் உண்டு. இரண்டு ஓணத்துக்கு முன்பு ஐந்து வீட்டிலும் சேர்த்து நாற்பது குலை வெட்டும் பருவத்தில் நின்றது. ஒரு குலை சராசரி 10 கிலோ. ஆக 400 கிலோ.

திருவோணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு வியாபாரி தோட்டத்துக்கே வந்தார். கிலோவுக்கு 36 ரூபாய் தருகிறேன் என்றார். வெட்டுவதும் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. சித்தி கொடுக்கவில்லை. "திருவனந்தபுரம் சாலைச் சந்தையில 50 ரூவா போகுது. நாமளே கொண்டு போவோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்றைக்கு அந்த விலைதான்.

பிறகு ஆளுக்கு ஒரு வேலை வந்தது. ஒரு வீட்டில் கல்யாணம். இன்னொரு வீட்டில் வெட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. குலை வெட்டி முடித்தபோது உத்திராடத்துக்கு முந்தின நாள் இரவு ஆகிவிட்டது. காலையில் வண்டி தேடினார்கள். ஓண நெருக்கத்தில் ஒரு பெட்டி ஆட்டோகூடக் கிடைக்கவில்லை. பத்து மணிக்கு ஒரு பெரிய டெம்போ கிடைத்தது. வாடகை 2,400 ரூபாய். குலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அடியில் ஒரு வாழைச்சருகுகூடப் போடவில்லை.

நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் வண்டி ஊர்ந்தது. உத்திராடத்தன்று அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மதியம் தாண்டித்தான் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கடைக்காரர்கள் வாங்க வேண்டியதை விடியற்காலையிலேயே வாங்கிவிட்டார்கள். விலை 40 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. அடியில் இருந்த 60 கிலோ நசுங்கிக் கறுத்துப் போனது. அது பாதி விலைக்குப் போனது.

கணக்கைப் பாருங்கள்.

நல்ல காய் 340 கிலோ, கிலோ 40 ரூபாய்: 13,600
அடிபட்ட காய் 60 கிலோ, கிலோ 20 ரூபாய்: 1,200
மொத்த வரவு: 14,800
வண்டி வாடகை: 2,400
ஏற்று கூலி, இறக்கு கூலி: 800
மொத்தச் செலவு: 3,200
மீதி: 11,600

தோட்டத்துக்கு வந்த வியாபாரிக்கே கொடுத்திருந்தால் 400 கிலோவுக்கு 14,400 ரூபாய் வந்திருக்கும். நாமே கொண்டு போனதால் 2,800 ரூபாய் குறைந்தது. அந்த ஓணத்துக்குச் சித்தி பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. யாரிடமும் அதைச் சொல்லவும் இல்லை. நான் துணிக்கடைக்குக் கூப்பிட்டபோது தலைவலி என்றார்.

பணம் எங்கே போனது?

இந்தக் கணக்கை வகுப்பில் கரும்பலகையில் எழுதினேன். சித்தி பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சின்ன ஊர்தானே.

ஒருவர் சொன்னார், விலை இறங்கியதுதான் காரணம் என்று. இன்னொருவர் கூலி அதிகம் என்றார். எங்கள் வகுப்பில் ஆட்டோ ஓட்டும் ஓர் அண்ணன் இருக்கிறார். அவர் எழுந்து சொன்னதுதான் முக்கியம்.

"வண்டி வாடகை குலைக்கு இல்லை. தூரத்துக்கு. ஒரு குலை ஏத்தினாலும் அந்த வாடகைதான். நிறைய ஏத்தினாலும் அந்த வாடகைதான்."

அந்த டெம்போ 1,500 கிலோ ஏற்றும். அது நிறைந்து போயிருந்தால் கிலோவுக்கு வாடகை 1 ரூபாய் 60 காசு. 400 கிலோதான் போனது. அதனால் கிலோவுக்கு 6 ரூபாய் ஆனது. காலியாக இருந்த இடத்துக்கும் சித்திதான் வாடகை கொடுத்திருக்கிறார். திரும்பி வரும்போது வண்டி முழுவதும் காலி. அதற்கும் சேர்த்துத்தான் அந்த 2,400.

அதற்காக வண்டியில் அளவுக்கு மேல் ஏற்றலாமா? கூடாது. அது சட்டப்படியும் குற்றம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரம் ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். அபராதத்தைவிடப் பெரியது உயிர். பாறை ஏற்றிய டிப்பர் லாரிகள் நம் எல்லைச் சாலைகளில் ஓடும் ஓட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் அம்மாக்களுக்கு அதிக பாரம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுமை தூக்காமல், பார்த்து நின்றதற்காக மட்டும் கேட்கும் கூலிக்கு நோக்குக்கூலி என்று பெயர். 2018 மே 1 முதல் கேரள அரசு அதைத் தடை செய்துள்ளது. ஆனால் உண்மையில் தூக்குகிறவரின் கூலி வேறு. அது அவர் கழுத்து வலிக்கும் முதுகு வலிக்கும் உரிய பணம். அதில் கை வைத்து லாபம் பார்ப்பதை நான் திறமை என்று சொல்ல மாட்டேன். தூக்கும் தடவைகளைக் குறைப்பதுதான் திறமை. தோட்டத்திலிருந்து வீட்டு முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து சாலைக்கு, சாலையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து கடைக்கு என்று சித்தியின் குலையை நான்கு தடவை தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கூலி. ஒவ்வொரு தடவையும் ஓர் அடி. காய்க்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

சித்தி குலை வெட்டிய பிறகு வண்டி தேடினார். வண்டி கிடைத்த பிறகு சந்தையை நினைத்தார். நாம் பெரும்பாலும் இப்படித்தான் முன்னாலிருந்து யோசிக்கிறோம். சரக்கு அனுப்புகிறவர்கள் பின்னாலிருந்து யோசிக்கிறார்கள். வாங்குகிறவருக்கு எப்போது வேண்டும்? அங்கிருந்து தொடங்குகிறார்கள்.

சந்தையில் காலை 5 மணிக்கு வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். இறக்க அரை மணி நேரம் வேண்டும். ஆகவே 4.30-க்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். ஒன்றரை மணி நேரம் போதும். ஆகவே 3 மணிக்குப் புறப்பட வேண்டும். ஏற்ற ஒரு மணி நேரம். ஆகவே 2 மணிக்கு வண்டி வாசலில் வர வேண்டும். அப்படியானால் முந்தின நாள் சாயங்காலமே குலை வெட்டி ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். வெட்டு ஆளிடம் அதற்கு மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். வண்டிக்காரரிடம் அதற்கும் முன்பே சொல்ல வேண்டும். இப்போது பாருங்கள். சந்தையில் நிற்கும் நேரத்தை நினைத்தோம். அது வண்டிக்காரருக்குப் போன் செய்ய வேண்டிய நாளைச் சொல்லிவிட்டது.

பால் சங்கத்துக்குப் பால் கொடுக்கிறவர்களுக்கு இது பழகிய காரியம். கறந்த பால் காத்திருக்காது. சங்கத்தில் அளந்து, தரம் பார்த்து, சேர்த்து, குளிர்விக்கும் தொட்டிக்கு அனுப்புகிறார்கள். அங்கே சுமார் 4 டிகிரிக்குக் குளிர்விப்பார்கள். பிறகு டேங்கர் வண்டி எடுத்துப்போகும். ஒருவர் தாமதித்தால் அவருக்காக மற்றவர்களின் பாலைப் புளிக்க விட முடியாது. அதனால்தான் அங்கே மணி பார்க்கிறார்கள். குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்தும் இப்படித்தான். மருந்து செய்யும் இடத்திலிருந்து நம் ஊர் சுகாதார நிலையம் வரை பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் குளிர்ச்சி போனாலும் மருந்தின் வீரியம் போய்விடும். பார்த்தால் தெரியாது. ஊசி போட்டது போலவே இருக்கும். பலன் இருக்காது.

ரப்பர் ஷீட் இதற்கு நேர்மாறு. அது காத்திருக்கும். விலை ஏறட்டும் என்று நாமும் வைத்திருப்போம். அதிலும் செலவு உண்டு. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தரம் குறையும். ஷீட் அட்டத்தில் கிடக்கும்போது நம் பணமும் அட்டத்தில் கிடக்கிறது. அந்த நேரத்தில் வட்டிக்குக் கடன் வாங்கினால், ஷீட்டு விலை ஏறியதா, வட்டி ஏறியதா என்று பார்க்க வேண்டும். பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்காமார் ஒன்று கவனியுங்கள். புதிய பிஸ்கட்டைப் பழையதற்கு முன்னால் வைக்காதீர்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும். பெரிய பெரிய கிடங்குகளிலும் இதுதான் விதி.

எழுத்து குறைவு, குறி நிறைவு

மும்பையில் டப்பாவாலாக்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. வீட்டில் சமைத்த சாப்பாட்டை அலுவலகத்தில் இருப்பவருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் 1890-ல் இதைத் தொடங்கினார். கொரோனா வருவதற்கு முன்பு சுமார் 5,000 பேர் தினமும் சுமார் 2 லட்சம் டப்பா சுமந்தார்கள். 2020-ல் அலுவலகங்கள் மூடியபோது வேலை நின்றது. பிறகு பழைய அளவுக்கு வேலை திரும்பவில்லை.

அவர்களில் பலர் அதிகம் படிக்காதவர்கள். ஆனாலும் டப்பா மாறிப் போவது மிக அரிது. காரணம் டப்பாவின் மூடி. அதில் சில எழுத்துகளும் எண்களும் நிறங்களும் உண்டு. எந்த ரயில் நிலையத்தில் ஏறும், எங்கே இறங்கும், எந்தக் கட்டடம், எந்த மாடி என்று அந்தக் குறிகள் சொல்லிவிடும். ஒரு டப்பா பல கை மாறும். ஒவ்வொரு கையும் குறியைப் பார்க்கும். வேறு எதுவும் கேட்காது.

நம் சந்தையில் ஒரே மாதிரி பத்து சாக்கு மரச்சீனி கிடந்தால் எது யாருடையது என்று சண்டை வருகிறதா இல்லையா? ஒரு மார்க்கர் பேனா வாங்கிப் பெயரும் எடையும் எழுதினால் போதும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியுமே!

நம் தாலுகாவில் ஒரு துறைமுகம்

இனி பெரிய சரக்கைப் பார்ப்போம். தூரம் போக வேண்டாம். விழிஞ்ஞம் நம் நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது.

முன்பெல்லாம் கப்பலில் சரக்கு ஏற்றுவது எப்படி? சாக்கு சாக்காக, பீப்பாய் பீப்பாயாக, ஆட்கள் சுமந்து ஏற்றினார்கள். ஒரு கப்பல் நிறைய நாள் கணக்கில் ஆகும். சித்தியின் குலைபோலச் சரக்கு பல தடவை கை மாறும். உடையும். களவும் போகும். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. சரக்கை ஏன் சாக்கு சாக்காக ஏற்ற வேண்டும்? லாரியில் இருக்கும் பெட்டியை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன? 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அப்போது தளர்வான சரக்கு ஒரு டன் ஏற்ற 5 டாலர் 86 சென்ட் ஆனது. பெட்டியில் ஏற்றியபோது சுமார் 16 சென்ட்தான் ஆனது. அதாவது 36 ரூபாய் ஆன இடத்தில் 1 ரூபாய். இதில் துறைமுகத்தில் சுமை தூக்கிய ஏராளமானவர்களின் வேலையும் போனது. அதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குத்தான் கண்டெய்னர் என்று பெயர். சின்னப் பெட்டி 20 அடி நீளம், 8 அடி அகலம். எட்டரை அடி உயரம். உலகம் முழுவதும் இந்த அளவுகள் ஒன்றுதான். அதனால் எந்த நாட்டுக் கிரேனும் தூக்கும். எந்த நாட்டு லாரியும் சுமக்கும். ஒரே அளவு என்பது சின்ன விஷயம் இல்லை. மீன் சந்தையில் எல்லோரும் ஒரே அளவுப் பெட்டி வைத்திருந்தால் அடுக்குவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

விழிஞ்ஞத்தில் ஏன் துறைமுகம் கட்டினார்கள்? இரண்டு காரணம். அங்கே கரைக்கு அருகிலேயே கடல் ஆழம். ஏறக்குறைய 18 மீட்டருக்கு மேல். பெரிய கப்பல் தரை தட்டாது. அடுத்தது, உலகக் கப்பல்கள் கிழக்குக்கும் மேற்குக்கும் போகும் பாதை அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது. இதுவரை நம் நாட்டுப் பெட்டிகள் நிறைய கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் சின்னக் கப்பலில் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறின. நாம் ஊர் பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் போய் அங்கே பெரிய பஸ் மாறுவதில்லையா? அதுபோல. பஸ் மாறும் அந்த இடம் வெளிநாட்டில் இருந்தது. அங்கே கட்டிய கட்டணமும் வெளிநாட்டுக்குப் போனது.

2015 டிசம்பரில் வேலை தொடங்கியது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைச் சுவர் கட்டினார்கள். 2024 ஜூலை 11 அன்று சீனாவிலிருந்து சான் பெர்னாண்டோ என்ற கப்பல் வந்தது. அதுதான் அங்கு வந்த முதல் பெரிய கண்டெய்னர் கப்பல். 2025 மே 2 அன்று துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதம் 9-ஆம் தேதி எம்.எஸ்.சி. ஐரினா வந்தது. உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்களில் ஒன்று. அதில் 20 அடிப் பெட்டிகள் 24,346 வைக்கலாம். அத்தனை பெட்டியையும் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 148 கிலோமீட்டர் வரும். காரக்கோணத்தில் தொடங்கினால் கொல்லத்தைத் தாண்டிப் போகும்.

அத்தனை பெட்டியில் ஒரு பெட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? டப்பாவாலாவின் மூடிதான்! ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் உண்டு. உலகில் அந்தக் குறி வேறு பெட்டிக்கு இல்லை. முதலில் இறக்க வேண்டிய பெட்டி மேலே இருக்க வேண்டும். கனமானது கீழே இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவரும்படி ஏற்றும் முன்பே படம் வரைந்து வைக்கிறார்கள். விழிஞ்ஞத்தில் பெட்டிகளை அடுக்கும் கிரேன்களைத் தூரத்து அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். அந்த வேலையில் உள்ளூர்ப் பெண்களும் இருக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொம்பளப் பிள்ளையளா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

துறைமுகத்தால் எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கடல் அரித்து வீடு போகிறது, படகு இறக்க இடம் இல்லை என்று மீனவர்கள் 2022-ல் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். சரக்குக்கு வழி விடும்போது அந்த வழியில் ஏற்கனவே யார் வாழ்கிறார் என்று கேட்பதும் கணக்கின் ஒரு வரிதான். அந்த வரியை எழுதாமல் விட்டால் வேறொருவர் தன் வீட்டைக் கொடுத்து அதை அடைப்பார்.

பெட்டிக்குள் என்ன?

2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்குப் புறப்பட்டது. 24-ஆம் தேதி நடுக்கடலில் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. அதில் இருந்த 24 பேரும் உயிர் தப்பினார்கள். பெட்டிகள் 640. சில பெட்டிகள் கொல்லம், ஆலப்புழை பக்கம் கரை ஒதுங்கின. திருவனந்தபுரம் கடற்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின. அரிசி போல இருந்தன. தன்னார்வலர்கள் மணலைச் சலித்து எடுத்தார்கள்.

அப்போது அரசு, "பெட்டியைத் தொடாதீர்கள், பக்கத்தில் போகாதீர்கள்" என்று அறிவித்தது. ஏன்? கப்பலோடு சரக்குப் பட்டியல் ஒன்று உண்டு. எந்தப் பெட்டியில் என்ன என்று அதில் எழுதியிருக்கும். 13 பெட்டிகளில் ஆபத்தான பொருள் என்று அந்தப் பட்டியல் சொன்னது. அவற்றில் 12-ல் இருந்தது கால்சியம் கார்பைடு.

இந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். கார்பைடு கல். மாம்பழத்தையும் வாழையையும் அவசரமாகப் பழுக்க வைக்கச் சிலர் திருட்டுத்தனமாகப் போடுவது. பழம் பழுக்க வைக்க அதைப் பயன்படுத்துவதற்குத் தடை இருக்கிறது. அதில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் வாயு வரும். அப்படிப்பட்ட பெட்டி கடலில் மிதந்தால் எப்படி இருக்கும்! பட்டியல் இருந்ததால்தான் எதற்குப் பயப்பட வேண்டும் என்றாவது தெரிந்தது. ஒரு வரி எழுத்து அவ்வளவு செய்யும்.

நமக்குக் கப்பல் இல்லை. ஆனால் நாம் அனுப்பும் வண்டிக்கும் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். என்ன பொருள், எத்தனை, எவ்வளவு எடை, யார் கொடுத்தது, யாருக்குப் போகிறது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது. வண்டிக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். இறக்குகிறவரும் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். 39 குலைதான் வந்தது என்று யாராவது சொன்னால் அந்தச் சீட்டுதான் நமக்குச் சாட்சி. களியக்காவிளை தாண்டி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் என்ற சீட்டும் வேண்டும். ரப்பர் ஷீட் அனுப்புகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் வெட்டிய பச்சைக் குலைக்கு அது தேவையில்லை. அதற்கு ஜி.எஸ்.டி. வரியும் இல்லை.

போன ஓணம்

போன வருஷம் சித்தி எங்கள் வகுப்பில் சேர்ந்தார். கணக்கு எழுதத்தான் வந்தேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஓணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஐந்து வீட்டுக்காரர்களும் எங்கள் திண்ணையில் கூடினார்கள். யார் வீட்டில் எத்தனை குலை என்று சித்தி நோட்டில் எழுதினார். மூன்று இடத்தில் விலை விசாரித்தார்கள். பக்கத்தில் விவசாயிகளே கூடி நடத்தும் சந்தை ஒன்று உண்டு. அங்கே சரக்கைச் சேர்த்து வைத்தால் வியாபாரிகள் வந்து ஏலம் கேட்பார்கள். அங்கே போகலாமா, பட்டணத்துக்குப் போகலாமா என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார். டீ வந்ததும் திரும்பி வந்தார். கடைசியில் பட்டணம் என்று முடிவானது.

இந்தத் தடவை உத்திராடம் வரை காத்திருக்கவில்லை. திருவோணத்துக்கு நான்கு நாள் முன்பு, விடியற்காலை 2 மணிக்குப் பெட்டி ஆட்டோ வந்தது. குலைகளுக்கு நடுவே சருகு வைத்தார்கள். முற்றத்தில் இறக்காமல் தோட்டத்துச் சந்து வரை வண்டியையே கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது நம் ஊர்க் கடைக்குப் பிண்ணாக்கு மூட்டை ஏற்றி வந்தார்கள். கடைக்காரர் அதற்கு 500 ரூபாய் கொடுத்தார்.

சித்தி எழுதிய கணக்கு இதுதான். பிண்ணாக்கில் ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை. கடைசி வரியை அவர் போட்டுவிட்டார். உங்களுக்காக இங்கே அதைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நல்ல காய் 390 கிலோ, கிலோ 46 ரூபாய்: 17,940
அடிபட்ட காய் 10 கிலோ, கிலோ 23 ரூபாய்: 230
பிண்ணாக்கு ஏற்றி வந்த வாடகை: 500
வண்டி வாடகை: 1,500
ஏற்று கூலி, இறக்கு கூலி: 600
மீதி: ..............

முதல் மூன்று வரியைக் கூட்டுங்கள். அடுத்த இரண்டு வரியைக் கழியுங்கள். வருவதை முந்தின ஓணத்து 11,600-உடன் ஒப்பிடுங்கள். இதில் எவ்வளவு நல்ல விலையால் வந்தது, எவ்வளவு வண்டியால் வந்தது, எவ்வளவு சருகால் வந்தது என்று பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.